முதன்முறையாகச் சொந்தமாகக் கட்டும் மலை சைக்கிள்: பழைய பாகங்களில் எவை பொருந்தும்?

தேயிலைமேடு:
வணக்கம். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்ட மண்பாதைகளில் ஓட்டுவதற்காக, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே ஒரு மலை சைக்கிளைக் கட்ட விரும்புகிறேன். பஞ்சர் ஒட்டுவதும் செயின் மாற்றுவதும்தான் எனக்குப் பழகிய வேலைகள். 29 அங்குலச் சக்கரத்துக்கான அலுமினிய ஹார்ட்டெயில் (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத) பிரேம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பின் ஆக்சில் 148 மி.மீ. அகலமுள்ள பூஸ்ட் வகை, ஃபோர்க் நுழையும் ஹெட் டியூப் டேப்பர்டு (கீழே அகன்றது), பெடல் தண்டு சுழலும் பாட்டம் பிராக்கெட் 73 மி.மீ. மரை வகை. வீட்டில் சும்மா நிற்கும் பழைய 26 அங்குல சைக்கிளின் சக்கரங்கள், ஃபோர்க், ஹைட்ராலிக் பிரேக், ஹேண்டில்பார் ஆகியவற்றை இதில் மாட்டினால் செலவு பாதியாகக் குறையாதா?

ஆலன்சாவி:
சக்கரங்களை மறந்துவிடுங்கள். பழைய பின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பெரும்பாலும் 135 மி.மீ. அகலத்தில், நெம்புகோலால் இறுக்கும் மெல்லிய அச்சுள்ள குவிக் ரிலீஸ் வகையாக இருக்கும். உங்கள் பிரேம் கேட்பதோ 12 மி.மீ. தடிமனுள்ள, பிரேமிலேயே திருகும் த்ரூ ஆக்சில். அது ஒருபுறமிருக்க, 26 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ., 29 அங்குலத்தில் 622 மி.மீ. என்பதால், எப்படியாவது மாட்டினாலும் வண்டி முழுவதும் தாழ்ந்து பெடல்கள் கல்லில் இடிக்கும். நேரான ஸ்டீயரர் (ஃபோர்க்கின் மேல்தண்டு) உள்ள ஃபோர்க்கை, அதற்குரிய கிரவுன் ரேஸ் (தண்டின் அடியில் பேரிங் உட்காரும் வளையம்) போட்டு டேப்பர்டு ஹெட் டியூபில் நுழைக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் 26 அங்குலத்துக்கான ஃபோர்க் குட்டையானது. பெரிய சக்கரம் அதற்குள் சுழல இடமிருக்காது.

பிரேக்கை எடுத்துக்கொள்ளலாம். புதிய பிரேம் நீளமாகவும் ஹேண்டில்பார் அகலமாகவும் இருந்தால் பின் பிரேக் குழாய் எட்டாமல் போகக்கூடும் என்பதை மட்டும் அளந்து பாருங்கள். குழாயை மாற்றினால் எண்ணெயும் புதிதாக ஊற்ற வேண்டும். மினரல் ஆயில் பிரேக்கில் வேறு வகையான டாட் பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். ஹேண்டில்பாரின் நடுப்பகுதி 31.8 மி.மீ. என்றால் அதுவும் பயன்படும். ஆக மிஞ்சுவது பிரேக், ஹேண்டில்பார், சீட், பெடல் ஆகியவைதான். பணத்தை விழுங்குகிற சக்கரம், ஃபோர்க், கியர் மூன்றையும் புதிதாகத்தான் வாங்கியாக வேண்டும். செலவைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் முழு சைக்கிளாக வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

பல்சக்கரம்:
ஆலன்சாவி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சக்கரம் வாங்குவதற்கு முன்பே கியரை முடிவு செய்துவிடுங்கள். ஷிமானோ டியோரின் 12 வேக 10-51 பல் கேசட்டுக்கு (பின்சக்கரப் பல்சக்கர அடுக்குக்கு) மைக்ரோ ஸ்ப்லைன் என்ற புதிய வகை ஃப்ரீஹப் (ஹப்பில் கேசட் ஏறும் பகுதி) தேவை. அதே டியோரின் 11 வேக 11-51 கேசட் பழைய எச்ஜி ஃப்ரீஹப்பிலேயே ஏறும். தோட்டத்து ஏற்றங்களுக்கு 11 வேகமே தாராளம்.

தேயிலைமேடு:
இருவருக்கும் நன்றி. செலவு கூடினாலும் கட்டியே பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். எந்த வேலையைக் கடையில் கொடுக்க வேண்டும், எதை வீட்டில் செய்யலாம்?

ஆலன்சாவி:
ஹெட்செட் (ஹெட் டியூபில் ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்) கப்புகளை அழுத்திப் பொருத்துவதைக் கடையில் கொடுங்கள். சுத்தியலால் தட்டினால் கப் கோணலாக இறங்கும். மற்றவற்றை ஆலன் கீ செட், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து திருகும் ஸ்பேனர்), பாட்டம் பிராக்கெட் கருவி, செயின் கட்டர் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்யலாம். பாட்டம் பிராக்கெட்டின் வலப்பக்கக் கப்புக்கும் இடப்பக்கப் பெடலுக்கும் மரை எதிர்த்திசையில் இருக்கும். கிரீஸ் தடவி முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு இணங்காவிட்டால் ஸ்பேனரைத் தொடாமல் கழற்றி மீண்டும் தொடங்குங்கள்.

ஸ்டீயரரை உடனே வெட்டிவிடாதீர்கள். ஸ்டெமுக்கு (ஹேண்டில்பாரை ஸ்டீயரரோடு இணைக்கும் துண்டுக்கு) மேலும் கீழும் ஸ்பேசர் வளையங்களை மாற்றி வைத்துச் சில வாரங்கள் ஓட்டி, உயரம் பிடித்த பிறகு வெட்டலாம். எப்போதும் ஸ்டீயரரின் நுனி, மேலே உள்ள ஸ்பேசரின் விளிம்பிலிருந்து 2 அல்லது 3 மி.மீ. உள்ளடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் மேல்மூடி ஸ்டீயரரில் முட்டி நின்றுவிடும், ஹெட்செட் இறுகாது. மேல்மூடியை முதலில் இறுக்கி, ஸ்டெம் போல்ட்டுகளைப் பிறகுதான் இறுக்க வேண்டும். அவற்றுக்கான அளவு பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டரை ஒட்டி ஸ்டெமிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பின்பு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஹெட்செட் இணைப்பில் ஒரு விரலை வைத்து, வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விரலில் ஆட்டம் தட்டுப்பட்டால் ஸ்டெமைத் தளர்த்தி, மேல்மூடியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகிச் சரிசெய்யுங்கள்.