கலைச்சொல் தேவை: கோண்டோரின் 'ஸ்டீவர்டு'க்குத் தமிழில் என்ன?

[திருச்சியிலிருந்து]

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை காலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு டோல்கீன் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் படைத்த கோண்டோர் நாட்டின் அரசுரிமை பற்றி வகுப்பு. ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் தரவேண்டும். முடி, அரியணை, செங்கோல் எல்லாம் எழுதியாயிற்று. ஸ்டீவர்டு என்ற பதவியில்தான் நின்றுவிட்டேன்.

கதை இதுதான். மூன்றாம் யுகம் 2050-இல் பிள்ளையில்லாத அரசன் எயார்னுர், பகைவனின் அறைகூவலை ஏற்று அவனுடைய கோட்டையான மினாஸ் மோர்குலுக்குப் போகிறான். திரும்பவேயில்லை. இறந்ததற்கும் சாட்சி இல்லை. இன்னொருவருக்கு முடிசூட்டினால் பழையபடி தாயாதிச் சண்டை வெடிக்கும் என்ற பயத்தில், ஸ்டீவர்டாக இருந்த மார்டில் "அரசர் திரும்பி வரும்வரை" என்று உறுதிமொழி எடுத்து ஆளத் தொடங்குகிறார். அந்த ஏற்பாடு 969 ஆண்டு நீள்கிறது. பதவியும் வாரிசு வழியே இறங்குகிறது. ஆனால் அவர்களில் ஒருவர்கூட அரியணையில் உட்காரவில்லை. அரியணை மேடையின் கீழ்ப்படியில் கருங்கல் நாற்காலி, கையில் வெள்ளைக் கோல், அவ்வளவுதான். அரசர் கொடியில் கறுப்புத் துணியில் வெள்ளை மரம் இருந்தது. இவர்கள் கொடி ஒன்றுமே வரையாத வெறும் வெள்ளை.

கடைசியில் அரசராகத் திரும்பிவரும் அரகோர்ன் முடிசூடிய பிறகும், ஸ்டீவர்டு குடும்பத்து ஃபராமிர் அதே பதவியில் தொடர்கிறார் என்பதையும் பாருங்கள். அரசர் இருக்கும்போதும் இல்லாதபோதும் பொருந்துகிற சொல் வேண்டும்.

[கோவையிலிருந்து]

அக்கா, 'அரசுக்காவலர்' சரியாக வரும். ஆங்கிலச் சொல்லுக்கே பழைய பொருள் 'மனைக் காவலர்' என்பதுதானே. பன்றிப்பட்டியைக் காத்தவர் என்று சிலர் சொல்வதை நம்பவேண்டாம்.

[நெல்லையிலிருந்து]

தம்பி, காவலன் என்றாலே தமிழில் அரசன்தான். "ஆபயன் குன்றும் அறுதொழிலோர் நூல்மறப்பர் காவலன் காவான் எனின்" என்று குறள் 560 சொல்கிறது. அரசன் அல்லாதவனைக் குறிக்க அரசனையே குறிக்கும் சொல்லை எடுக்கலாமா? இன்றைய மாணவரோ காவலர் என்றதும் காவல் நிலையத்தைத்தான் நினைப்பார்.

'காவிதி' என்று ஆளுங்கள். மதுரைக்காஞ்சியில் "காவிதி மாக்கள்" வருகிறார்கள். நன்மை தீமை ஆராய்ந்து அரசனுக்குத் துணைநின்ற அமைச்சர்கள். வேந்தன் கொடுக்கும் பட்டம் அது. 'கா' என்ற வேரிலேயே காத்தல் இருக்கிறது. கா, காவு, காவல், காப்பு, காவிதி என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். தோளில் சுமக்கும் காவடியும் இந்தக் குடும்பம் என்பது என் துணிபு. அடுத்தவன் பாரத்தைச் சுமப்பவன்தானே ஸ்டீவர்டு!

அப்புறம், யுகம் எதற்கு? ஊழி இருக்கிறது.

[யாழ்ப்பாணத்திலிருந்து]

ஐயா, காவிதி அழகான சொல், மறுப்பில்லை. ஆனால் ஒரு பக்கக் குறிப்பில் அதை விளக்கவே அரைப் பக்கம் போய்விடும். பிள்ளைகள் எயார்னுரை விட்டுவிட்டு மதுரைக்காஞ்சியைப் படிக்க வேண்டியிருக்கும். காவடி விசயத்தில் எனக்கு உடன்பாடில்லை. 'காவு' என்றால் சுமத்தல் என்று தனி வினையே உண்டு, நாங்கள் இன்றும் பேச்சில் சொல்கிறோம். அதைக் காத்தலோடு முடிச்சுப் போட முடியாது.

'பொறுப்பாளர்' போதும். தனித்து ஆளும் காலத்தில் 'ஆளும் பொறுப்பாளர்'.

[சென்னையிலிருந்து]

பரதன் நினைவுக்கு வரவில்லையா யாருக்கும்? நந்தியம்பதியில் பாதுகையை வைத்து ஆண்டவனும் இதைத்தானே செய்தான். வரலாற்றிலும் உண்டு. 1750-இல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரைப் பத்மநாபசுவாமிக்கே எழுதிவைத்துவிட்டு, பத்மநாபதாசர் என்ற பெயரில் ஆண்டார். ஆகவே 'பாதுகாவலர்' என்பதைப் பாதுகையோடு சேர்த்து...

[திருச்சியிலிருந்து]

ஐயா, பாதுகாவலருக்கும் பாதுகைக்கும் உறவில்லை, தயவுசெய்து அந்தப் பக்கம் போகவேண்டாம். பரதன் ஒப்பீடு வகுப்புக்கு உதவும். ஆனால் ஒரு வேறுபாடு பெரிது. வரவேண்டியவன் யார், எத்தனை ஆண்டில் வருவான் என்று பரதனுக்குத் தெரியும். கோண்டோரில் இரண்டும் தெரியாது.

வாரிசுரிமை பற்றி ஒரு துணைக் கேள்வி. மூன்றாம் யுகம் 1944-இல் கோண்டோர் அரசன் ஒண்டோஹெரும் மகன்கள் இருவரும் போரில் மடிந்தபோது, வடநாட்டு அர்வேடுயி உரிமை கோருகிறான். தான் கோண்டோரை நிறுவியவர்களில் ஒருவரான இசில்தூரின் கால்வழி, மனைவி ஃபீரியெல் ஒண்டோஹெரின் மகள், முன்னோர் நாடான நூமெனோரின் பழைய சட்டப்படி ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே செங்கோல் என்கிறான். இங்கே மகன்கள் வழியாக மட்டும்தான் என்று அவை மறுக்கிறது. முடி, போரில் வென்ற தளபதி எயார்னிலுக்குப் போகிறது. நூமெனோர் சட்டத்துக்கு 'மூத்த மகவுரிமை' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

[யாழ்ப்பாணத்திலிருந்து]

சரி. மகவு இருபாலுக்கும் பொது.

[நெல்லையிலிருந்து]

சரியே. எயார்னிலும் அரச குடியில் பிறந்தவன்தானே? அப்படியானால் புறநானூறு 183 இருக்கிறது. "ஒருகுடிப் பிறந்த பல்லோ ருள்ளும் மூத்தோன் வருக என்னாது அவருள் அறிவுடை யோன்ஆறு அரசும் செல்லும்." பாடியவனே ஒரு பாண்டியன். இதைக் குறிப்பில் சேருங்கள்.

பொறுப்பாளர் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பொறுப்பு ஆளுநர், பொறுப்புத் தலைமையாசிரியர் என்று இன்று நாம் சொல்வதெல்லாம் சில வார ஏற்பாடு. 969 ஆண்டு ஆண்ட ஒரு குடிக்கு அந்தச் சொல்லா?

[கோவையிலிருந்து]

அதுதான் ஐயா அந்தச் சொல்லின் பலமே. எத்தனை ஆண்டு போனாலும் அது சட்டப்படி தற்காலிக ஏற்பாடாகவே இருந்தது. அரசர் திரும்பாவிட்டால் எத்தனை நூறு ஆண்டில் ஸ்டீவர்டு அரசராகலாம் என்று சிறுவன் போரோமிர் அப்பாவைக் கேட்கிறான். அரச மாண்பு குறைந்த நாடுகளில் சில ஆண்டு போதும், கோண்டோரில் பத்தாயிரம் ஆண்டும் போதாது என்கிறார் அந்த அப்பா, கடைசி ஆளும் ஸ்டீவர்டான டெனெத்தோர். ஸ்காட்லாந்தில் அது நடந்தே விட்டது. பரம்பரை ஸ்டீவர்டு குடும்பத்தவர் 1371-இல் இரண்டாம் ராபர்ட் என்று முடிசூடினார். தாய் வழியில் அவர் ராபர்ட் புரூஸின் பேரன். பதவிப் பெயரே ஸ்டூவர்ட் வம்சத்தின் பெயராயிற்று. அர்வேடுயிக்குப் பெண் வழியில் கிடைக்காத முடி இவருக்குப் பெண் வழியில் கிடைத்தது.

காவிதி என்று எழுதினால் அது ஒரு நிலையான பட்டம். இன்னொருவருக்குச் சொந்தமானதை வைத்திருக்கிறோம் என்ற கூச்சம் அதில் இல்லை. டெனெத்தோர் மனத்தில் அறுத்துக்கொண்டிருந்தது அதுதானே?

[சென்னையிலிருந்து]

என் வாக்கும் பொறுப்பாளருக்கே. பாதுகாவலரை விட்டுவிடுகிறேன்.

[நெல்லையிலிருந்து]

பெரும்பான்மை அப்படியென்றால் தடுக்கமாட்டேன். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சொல் சும்மா கிடக்கும்போது, அலுவலகப் பலகையிலிருந்து ஒன்றை எடுத்து அரச மாளிகையில் மாட்டுகிறோம். பிள்ளைகளுக்குத் தெரியாத சொல் என்று ஒதுக்கினால் அவர்களுக்கு அது எப்போது தெரியவரும்? கூச்சம் பற்றித் தம்பி சொன்னதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை, யோசிக்கிறேன். என் சொற்பட்டியலில் காவிதிதான் இருக்கும்.

[திருச்சியிலிருந்து]

எல்லோருக்கும் நன்றி. பொறுப்பாளர், ஆளும் பொறுப்பாளர் என்று போட்டிருக்கிறேன். அடிக்குறிப்பில் காவிதியும், வாய்மொழியாகப் புறநானூறும் வரும், ஐயா. யுகம் அப்படியே இருக்கட்டும். நாளை மதியம் நகலெடுக்கக் கொடுக்கவேண்டும்.

[யாழ்ப்பாணத்திலிருந்து]

அம்மா, கொடுக்க முன் ஒன்று. குறிப்பில் செங்கோலும் வெண்கோலும் அடுத்தடுத்த வரியில் வருகின்றன. செங்கோலில் 'செம்மை' நேர்மை. பக்கத்தில் வெண்கோல் நின்றால் பிள்ளைகள் சிவப்பு, வெள்ளை என்று வாசிப்பார்கள். 'வெள்ளைக் கோல்' என்று பிரித்தே எழுதுங்கள்.

[நெல்லையிலிருந்து]

வெண்கோல் இருக்கட்டும். வெண்கொற்றக்குடை என்றால் நிறம், செங்கோல் என்றால் நேர்மை என்று அந்த இடத்திலேயே சொல்லிக்கொடுக்கலாமே?