வசனவரி போகப் போகப் பின்தங்குகிறது: வழி சொல்லுங்கள்

இயக்குநர் கிளேர் தெனியின் ‘வாந்த்ரெதி சுவார்’ (2002) படத்தின் பிரெஞ்சு டிவிடி வைத்திருக்கிறேன். பாரிஸ் வேலைநிறுத்தத்தில், நெரிசலில் சிக்கிய காரில் ஒருத்தி அந்நியன் ஒருவனை ஏற்றிக்கொள்ளும் ஓரிரவுக் கதை. வட்டில் ஆங்கில வசனவரி (சப்டைட்டில்) இல்லை, தனிக்கோப்பாகச் சேர்த்தேன்.

தொடக்கம் சரியாக இருக்கிறது. பத்தாம் நிமிடத்தில் 25 விநாடி, அரை மணியில் ஒன்றேகால் நிமிடம் பின்தங்குகிறது. பேச்சே குறைவான படம். அவன் வாய் மூடி வெகுநேரம் கழித்து வரி வந்தால் எரிச்சல்தான் மிச்சம்.

மூன்று நாளாக விஎல்சி பிளேயரில் வசனவரித் தாமதத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். முன்பகுதி பொருந்தினால் பின்பகுதி கெடுகிறது. வேறு இரண்டு கோப்புகளும் அப்படியே. வட்டில் படம் விநாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) ஓடுகிறது. கோப்பு 24க்கு எழுதப்பட்டது போலும். வெள்ளிக்கிழமை நண்பர்கள் பார்க்க வருகிறார்கள்.

விண்டோஸ் 10இல் கோப்பு முழுவதையும் ஒரேயடியாக 25க்கு மாற்ற எந்த மென்பொருள் உதவும்?