கோட்டை விட்டோமா, பறிகொடுத்தோமா? ஹூஸ்டன் 63, ஃப்ளோரிடா 65

கல்லன்சாலை · 2025 ஏப்ரல் 8, பிற்பகல் 3.10

சான் அன்டோனியோவில் இருந்து வீடு வந்து சேர்ந்தபோது விடியப் போகிற நேரம். இன்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். படுத்தால் தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நேற்று இரவு அலமோடோம் அரங்கில் நடந்த என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி அணிகளின்) ஆண்கள் கூடைப்பந்து பைனலில் நம் ஹூஸ்டன் பல்கலைக்கழகம் ஃப்ளோரிடாவிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. இரண்டாம் பாதியில் 42-30 என்று பன்னிரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். ஆட்டம் முடிய 46 விநாடி இருக்கும்போது ஃப்ளோரிடாவின் அலைஜா மார்ட்டின், ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு 64-63 ஆக்கினார். அப்புறம் அவர்களுக்கு இன்னொரு ஃப்ரீ த்ரோ, 65-63. மிச்சம் சுமார் 20 விநாடி, பந்து நம்மிடம்.

கடைசி சில விநாடிகளில் பந்து நம் எமானுவெல் ஷார்ப் கைக்கு வந்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எம்பினார். எதிரே ஃப்ளோரிடாவின் வால்டர் கிளேட்டன் பறந்து வந்தார். எறிந்தால் அடிபடும், பந்தோடு இறங்கினால் டிராவல் என்ற விதிமீறல். அந்தரத்தில் இருக்கும்போதே பந்தைக் கீழே விட்டுவிட்டார். அப்படி விட்ட பந்தை முதலில் அவரே தொட்டாலும் விதிமீறல்தான். வேறு யாராவது தொட வேண்டும். பந்து அவர் காலடியில் துள்ளுகிறது, அவர் அதன் மேல் குனிந்து நிற்கிறார், கை மட்டும் நீளவில்லை. ஃப்ளோரிடாவின் அலெக்ஸ் கான்டன் பாய்ந்து விழுந்து அணைத்துக்கொண்டார். முடிந்தது.

நான் மேல் அடுக்கில் இருந்தேன். ஒன்றும் புரியாமல் "எடு, எடு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பும் வழியில் லூலிங்கில் பக்கீஸ் கடையில் காபிக்கு நின்றபோது, வரிசை முழுக்கச் சிவப்புச் சட்டை, ஒருவரும் பேசவில்லை. முன்னால் நின்ற பையன் தன் போனில் அந்த ஐந்து விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஷார்ப் பந்தை மறந்து நிற்கவில்லை. தொடக்கூடாது என்று தெரிந்ததால் நின்றார்.

காலையில் இருந்து நம் வாட்சப் குழுக்களில் எல்லாம் ஒரே பேச்சு, "கோட்டை விட்டுட்டாங்க" என்று. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. நாம் கோட்டை விடவில்லை. நம்மிடம் இருந்து பறித்தார்கள். இரண்டும் ஒன்றல்ல.

புள்ளிக்கணக்கு · பிற்பகல் 3.42

வருத்தம் எனக்கும் உண்டு அண்ணே, ஆனால் இதை ஏற்க முடியாது. 42-30 ஆனபோது ஆட்டத்தில் இன்னும் பதினாறு நிமிடத்துக்கும் மேல் இருந்தது. அதற்கப்புறம் அவர்கள் 35 புள்ளி, நாம் 21. பதினாறு நிமிடத்தில் 21 புள்ளி எடுக்கிற அணியிடம் எதிரி எதையும் பறிக்க வேண்டிய அவசியமே இல்லை, தானாகவே கையில் வந்து விழும்.

நாம் ஆடுகிற விதம் உங்களுக்குத் தெரியாததா? மெதுவாகக் கொண்டுவருவோம், ஷாட் கடிகாரம் (பந்தை எறிய விதித்த நேரம்) தீரும்வரை சுற்றுவோம், கடைசியில் எல்.ஜே. கிரையரோ ஷார்ப்போ கை மறைத்த நிலையில் ஒன்றை எறிய வேண்டும். போனால் அழகு. போகாவிட்டால் ரீபவுண்டில் மல்லுக்கட்டி இன்னொரு வாய்ப்பு. கிரையர் நேற்றும் 19 புள்ளி போட்டார், மற்றவர்களிடம் இருந்து தொடர்ச்சியாக எதுவும் வரவில்லை. முன்னால் இருக்கும்போது இந்த ஆட்டம் எதிரியைக் கழுத்தை நெரிக்கும். நெருக்கடி வந்தால் நம் கழுத்தையே நெரிக்கும்.

கடைசியில் சமன் செய்ய இரண்டு புள்ளி போதும். எதற்கு மூன்று புள்ளிக்கு எம்ப வேண்டும்? ஷாட்டே எடுக்காமல் ஒரு பைனல் முடிகிறது. இதற்குக் கோட்டை விடுதல் என்று பெயர் இல்லையென்றால் வேறு எதற்கு?

கேன்ஸ்வில்காரன் · பிற்பகல் 4.15

எதிர் முகாமில் இருந்து வருகிறேன், மன்னிக்கவும். நான் ஃப்ளோரிடாவில் படித்தவன். உங்கள் இருவர் பேச்சிலும் எங்கள் அணியே காணோமே?

கிளேட்டனுக்கு முதல் பாதியில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. இரண்டு பேர் மூன்று பேராக அவரை அடைத்தீர்கள். செமி பைனலில் ஆபர்னுக்கு எதிராக 34 புள்ளி போட்டவரை அப்படி அடைத்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. அந்த நேரத்தில் எங்களைத் தூக்கிப் பிடித்தவர் வில் ரிச்சர்ட். கிளேட்டன் எடுத்த 11 புள்ளியும் இரண்டாம் பாதியில் வந்தவை. ஆட்டம் முழுக்க நாங்கள் முன்னால் இருந்தது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். அந்த ஒரு நிமிடம் வரும்வரை உங்களோடு ஒட்டிக்கொண்டே இருக்க எவ்வளவு மூச்சு வேண்டும்?

அந்தக் கடைசி ஓட்டத்தைத் திரும்பப் பாருங்கள். சீசன் முழுக்க நாங்கள் அவரைக் கொண்டாடியது புள்ளி போடுவதற்காக. பட்டத்தை வாங்கித் தந்தது அவருடைய டிஃபென்ஸ். ஷார்ப்பின் மேல் இடிக்காமல், ஃபவுல் கொடுக்காமல், எறிய முடியாதபடி மட்டும் வந்து நின்றார். அது உங்கள் தவறு இல்லை, எங்கள் உழைப்பு.

கல்லன்சாலை · பிற்பகல் 4.50

கேன்ஸ்வில் நண்பரே, வாங்க. நான் சொல்லவந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

புள்ளிக்கணக்கு தம்பி, சனிக்கிழமை செமி பைனலை நினைத்துப் பாருங்கள். டியூக் 14 புள்ளி முன்னால் போனது. 35 விநாடி இருக்கும்போதும் ஆறு புள்ளி முன்னிலை. அப்புறம் யார் த்ரீ போட்டது? இதே ஷார்ப். அடுத்து அவர்கள் கோட்டுக்கு வெளியே இருந்து உள்ளே போட்ட பந்தைப் பறித்தோம், ஜோசப் டக்ளர் தவறிய பந்தை எம்பி உள்ளே அடித்தார். டியூக்கின் டைரீஸ் ப்ராக்டர் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். ஆறு வருடமாக இந்த அணியில் இருக்கிற ஜேவான் ராபர்ட்ஸ் சுமார் 20 விநாடி இருக்கும்போது கோட்டில் நின்று இரண்டையும் போட்டார். அடுத்து டியூக்கின் கூப்பர் ஃப்ளாக் எறிந்தபோது முகத்துக்கு நேரே கையை நீட்டி நின்றவரும் ராபர்ட்ஸ்தான். முடிவில் 70-67, ஜெயித்தோம்.

அன்றைக்கு டியூக் கோட்டை விட்டது என்று நீங்கள் சொல்லவில்லை. நாம் பறித்தோம் என்று குதித்தீர்கள், நானும் குதித்தேன். சனிக்கிழமை ஒரு அளவுகோல், திங்கட்கிழமை வேறு அளவுகோலா?

புள்ளிக்கணக்கு · மாலை 5.20

இல்லை, ஒரே அளவுகோல்தான். டியூக்கும் கோட்டைதான் விட்டது. அன்று எனக்கு அது பெருமையாகத் தெரிந்ததால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை, அது என் தவறு.

பறித்தல் என்பது நம் பலம். ஆனால் திட்டம் போட்டு ஒரு கூடை எடுக்கவும் நமக்குத் தெரியும், அதுதான் என் ஆற்றாமை. இதே தொடரில் இண்டியானாபொலிஸில் பர்டூ அணியோடு நடந்த ஆட்டம், 60-60. மிலோஸ் உசான் வெளியில் இருந்து பந்தை டக்ளருக்குப் போட்டார், டக்ளர் திருப்பிக் கொடுத்தார், உசான் கூடைக்கு அடியில் தனியாக. 0.9 விநாடி மிச்சம். எத்தனை தடவை பயிற்சி செய்திருந்தால் அது அவ்வளவு சுத்தமாக வரும்! அந்த அணிக்கு நேற்று 20 விநாடி இருந்தும் ஒரு ஷாட் வரவில்லை. நம் கோச் சாம்ப்சனே ஆட்டம் முடிந்து இதைத்தான் நம்ப முடியாமல் சொன்னார்.

நான் பையனைக் குற்றம் சொல்லவில்லை அண்ணே. 69 வயது கோச், இந்த அணியைப் பள்ளத்தில் இருந்து தூக்கியவர், அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன்: கடைசி 20 விநாடிக்கு என்ன வைத்திருந்தீர்கள்?

சிவப்புச்சட்டை · மாலை 5.41

ஷார்ப்பிடம் பந்தைக் கொடுத்ததே தப்பு. அந்த நேரத்தில் அவருக்குக் கை நடுங்குகிறது. ஒரே ஆளால் ஒரு வருட உழைப்பு போச்சு.

கல்லன்சாலை · மாலை 5.58

தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் டியூக்கோடு அந்தக் கை நடுங்கியதா? பத்து த்ரீ எறிந்தால் நான்கைப் போடுகிற பையன் அவர். அவருடைய அப்பா டெரிக் ஷார்ப், 2004-ல் மக்காபி டெல் அவிவ் அணிக்காக ஜால்கிரிஸுக்கு எதிராகக் கடைசி நொடியில் போட்ட த்ரீயை ஐரோப்பாவில் இன்றும் பேசுகிறார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பையன், தன் முறை வந்தபோது எறிய முடியாமல் நின்றான். ஆட்டம் முடிந்து தரையில் குந்தியிருந்தவனைச் சுற்றி அணியினர் வந்து நின்றதைப் பார்த்தேன். அவன் மேல் இன்னும் ஒரு கல்லைப் போட என்னால் ஆகாது.

அல்புகர்க்கி83 · இரவு 7.30

தம்பிகளா, நான் 81-ல் எம்.எஸ். படிக்க ஹூஸ்டன் வந்தவன். 1983 ஏப்ரல் 4, இதே பட்டத்துக்கு நாம் ஆடிய பைனல் அன்று, மூடி டவர்ஸ் விடுதியில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதனால் ஒரு வார்த்தை.

அந்த அணியில் ஹக்கீம் ஒலாஜுவான், கிளைட் டிரெக்ஸ்லர். தொடர்ந்து 26 ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்தோம். எதிரே நார்த் கரோலினா ஸ்டேட், பத்து ஆட்டம் தோற்ற அணி. கடைசி விநாடியில் டெரெக் விட்டன்பர்க் தூரத்தில் இருந்து எறிந்தது கூடைக்கே எட்டவில்லை. லோரென்சோ சார்ல்ஸ் அந்தரத்திலேயே பிடித்து உள்ளே திணித்தார். 54-52. அந்த அறையில் முப்பது பேர் இருந்திருப்போம். யாரும் எழுந்து டி.வி.யை அணைக்கவில்லை. அவர்களுடைய கோச் வல்வானோ கட்டிப்பிடிக்க ஆள் தேடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அதற்கப்புறம் எத்தனையோ வருடம் நாங்கள் சொன்னது ஒன்றுதான்: குருட்டு அதிர்ஷ்டம், எட்டாத ஷாட் கூடையில் போச்சு. அப்படிச் சொல்லிச் சொல்லியே மற்றதை மறந்தோம். இரண்டாம் பாதி தொடக்கத்தில் ஓடி ஓடி 42-35 ஆக்கினோம். அங்கே நம் கோச் கை லூயிஸ் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். ஓடுவதுதான் அந்த அணியின் உயிர், நின்றதும் அது வேறு அணி ஆகிவிட்டது. அவர்கள் வேண்டுமென்றே ஃபவுல் செய்து நம்மை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பினார்கள், நாம் தவறவிட்டுக்கொண்டே இருந்தோம். 52-52-ல் ஆல்வின் ஃப்ராங்க்ளின் கோட்டில் நின்றார். முதலாண்டு மாணவன். போகவில்லை. ஊரில் பலர் அந்தப் பையன் பெயரைத்தான் சொன்னார்கள். வேகத்தைக் குறைத்த முடிவைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அதனால் புள்ளிக்கணக்கு சொல்வதை ஒதுக்காதீர்கள் கல்லன்சாலை. பறித்தார்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இன்னொரு நாற்பது வருடம் அதையே சொல்ல நேரும். அதே நேரம், பையனை விட்டுவிடச் சொன்னீர்களே, அது நூற்றுக்கு நூறு சரி.

இன்னொன்று மனதைக் குத்துகிறது. நேற்று ஜெயித்த ஃப்ளோரிடா கோச் டாட் கோல்டனுக்கு 39 வயது. இவ்வளவு சின்ன வயதில் இந்தப் பட்டம் வாங்கிய கோச் 83-க்குப் பிறகு இல்லையாம். 83-ல் வாங்கியவர் அந்த வல்வானோ. இரண்டு தடவையும் எதிரே நாம்.

கேன்ஸ்வில்காரன் · இரவு 8.05

ஐயா, உங்கள் பதிவைப் படித்தபின் ஜெயித்த பக்கத்தில் இருந்து பேசவே கூச்சமாக இருக்கிறது. எங்களுக்கு 2006, 2007 என்று ஏற்கெனவே இரண்டு பட்டம் உண்டு. ஒன்றுகூட இல்லாமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இந்தத் தடவை நாங்கள் சந்தித்ததில் உங்கள் அணி அளவுக்கு எங்களை மூச்சுவிட விடாமல் அடித்தது வேறு யாரும் இல்லை.

கல்லன்சாலை · இரவு 9.20

ஐயா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். சரி, அந்தப் பதினாறு நிமிடத்தை விட்டுக்கொடுக்கிறேன். 21 புள்ளி என்பது கோட்டை விட்டதுதான். அந்தக் கடைசி ஐந்து விநாடியை விட்டுக்கொடுக்க மாட்டேன். அது கிளேட்டன் பறித்தது.

சாயங்காலம் என் மகள் பள்ளி விட்டு வந்ததும் கேட்டாள், "அந்த அண்ணா ஏன் பந்தை எடுக்கல?" கராஜ் முன்னால் இருக்கிற கூடைக்கு அழைத்துப்போனேன். எம்பச் சொன்னேன், நான் ஓடிவந்து கையை நீட்டினேன், பந்தை விடச் சொன்னேன். இனிமேல் தொடக்கூடாது என்றேன். பந்து துள்ளித் துள்ளி புல்தரையை நோக்கிப் போனது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கஷ்டமா இருக்குப்பா" என்றாள்.

புள்ளிக்கணக்கு தம்பி, அந்தப் பதினாறு நிமிடத்தை ஒவ்வொரு பொசெஷனாக (பந்து நம் கைக்கு வந்த ஒவ்வொரு முறையாக) பார்த்து எழுத முடியுமா? நான் இன்னும் ரீப்ளேயைத் திறக்கவில்லை.

புள்ளிக்கணக்கு · இரவு 9.34

இந்த வாரக் கடைசியில் உட்காருகிறேன் அண்ணே. 42-30-ல் இருந்து ஆரம்பிக்கிறேன்.