9 வயது மகளுக்கு சீரியல் வாய்ப்பு, அனுப்பலாமா?

ரீல்ஸ் பார்த்துவிட்டு ஒரு கோ-ஆர்டினேட்டர் கூப்பிட்டார். கதாநாயகியின் மகள் வேடமாம், மாதம் பதினைந்து நாள் ஷூட்டிங். அவளுக்குக் கொள்ளை ஆசை, என் மாமியார் அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. பணம் எனக்குப் பெரிதில்லை. சீரியல் முடிந்து யாரும் செல்ஃபி கேட்காமல் போனால் பிள்ளை என்ன ஆவாள் என்பதுதான் கவலை. சின்ன வயதில் நடித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய_பேபி: நான் நடித்திருக்கிறேன். செட்டில் எல்லாரும் தூக்கிக் கொஞ்சுவார்கள், பள்ளியில் டீச்சர்கூட வகுப்பில் எழுப்பி வசனம் பேசச் சொல்வார். முன்பல் விழுந்ததும் அம்மாவுக்குப் பதற்றம், அப்புறம் பாவாடையின் மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டி வந்தபோது மேனேஜர் "என்ன பாப்பா, இப்படி வளர்ந்துட்டே" என்றார், ஏதோ நான் தப்புப் பண்ணிவிட்ட மாதிரி. அதிலிருந்து கூன் போட்டு நிற்க ஆரம்பித்தேன், கல்லூரி வரைக்கும் அது போகவில்லை. புகழ் போனதை விட இதுதான் எனக்கு வலித்தது.

வக்கீல்_குமாஸ்தா: பணம் பெரிதில்லை என்று விடாதீர்கள் சகோதரி. 1921-ல் சாப்ளினோடு நடித்த ஜாக்கி கூகன் பல லட்சம் டாலர் சம்பாதித்த பையன், வளர்ந்து பார்த்தால் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்டிருந்தார்கள், வழக்குப் போட்டு மிஞ்சியது சுமார் 1,26,000 டாலர். அதற்குப் பிறகுதான் கலிபோர்னியாவில் 1939-ல் சட்டமே வந்தது. நம் ஊரிலும் 2017 விதிகள் இருக்கின்றன: ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பு. மாவட்ட கலெக்டர் அனுமதியும் வேண்டும். வாங்கியாயிற்றா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

மாம்பலம்_மாமா: எல்லாருமா கெட்டுப்போனார்கள்? 1960-ல் குழந்தையாக அறிமுகமான கமல் இல்லையா?

பழைய_பேபி: எல்லாரும் அவரையே சொல்கிறீர்கள் மாமா. அவரும் இடையில் தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளராக இருந்துதான் திரும்பி வந்தார். கையில் வேறு ஒரு வேலை இருந்தது. அது இல்லாமல் காணாமல் போனவர்கள் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்: கோ-ஆர்டினேட்டரிடம் கலெக்டர் அனுமதி பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு மேடம், ஆதார் ஜெராக்ஸ் போதும்" என்றார். காகிதத்தைக் காட்டினால் பேசலாம் என்று போனை வைத்துவிட்டேன். மாமியார் காலையிலிருந்து பேசவில்லை.