பீரோவில் பூட்டி வைக்கும் எஸ்எஸ்டி இருபது வருஷம் தாங்குமா?

முடிச்சூர்_பாலா:
அப்பா எடுத்த நெகட்டிவ்களை ஸ்கேன் பண்ணது, பாட்டி பாடிய தாலாட்டு, பொண்ணு பிறந்ததிலிருந்து எடுத்த வீடியோ, வீட்டுப் பத்திரம் எல்லாம் சேர்த்து ஒன்றரை டிபி வருது. பாதி லேப்டாப்பில், மீதி ஒரு பழைய போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்கில். பொண்ணு பெரியவளானதும் எடுத்துப் பார்க்கணும், அதுதான் ஆசை. ஒரு 2 டிபி எஸ்எஸ்டி வாங்கி எல்லாத்தையும் ஏத்தி, பீரோ லாக்கரில் வெச்சுடலாம்னு இருக்கேன். சுத்துற பாகம் எதுவும் இல்லை, கீழே விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு கடையில் சொன்னாங்க. சரிதானா?

ரிச்சி_சர்வீஸ்:
வேண்டாம் சார். எஸ்எஸ்டி தினமும் ஓட்டுறதுக்கு அருமையான பொருள். கரண்ட் இல்லாம வருஷக்கணக்கில் பூட்டி வைக்க அதை நம்பாதீங்க. உள்ளே சின்னச் சின்ன செல்லில் சார்ஜாகத்தான் டேட்டா நிக்குது, அது மெதுவா கசியும். எழுதும் ஆயுள் முழுக்கத் தீர்ந்துபோன சாதாரண எஸ்எஸ்டி, பவர் இல்லாம 30 டிகிரியில் ஒரு வருஷம் டேட்டாவைப் பிடிச்சு வெச்சாலே, சிப்புக்குத் தரம் வகுக்கிற ஜெடெக் அமைப்போட தரத்துக்குப் போதும். புது டிரைவ் அதைவிட ரொம்ப நாள் தாங்கும், இல்லேன்னு சொல்லலை. ஆனா சூடு ஏற ஏற கசிவும் வேகமாகும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற ரூம், இரும்பு பீரோ, மே மாசம். நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சொல்லிட்டுத்தான் போகும். ஸ்லோ ஆகும், சத்தம் மாறும். எஸ்எஸ்டியை இயக்குற கன்ட்ரோலர் சிப் போச்சுன்னா நேத்து ராத்திரி ஓடினது இன்னைக்குக் காலையில் கம்ப்யூட்டருக்கே தெரியாது. ரெண்டு ஹார்ட் டிஸ்க், வேற வேற கம்பெனி, வேற வேற நேரத்தில் வாங்கினது. இதுதான் என் யோசனை.

ஓஎம்ஆர்_கார்த்திக்:
ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியாங்கிற கேள்வியே தப்பு அண்ணா. நீங்க இருக்கிறது முடிச்சூர். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அங்கே தண்ணி எவ்வளவு நின்னதுன்னு உங்களுக்குத் தெரியாததா? ரெண்டு டிஸ்கையும் ஒரே வீட்டில் வெச்சா ரெண்டும் ஒண்ணா முழுகும். பேசாம காசு கட்டி கிளவுடில், அதாவது இன்டர்நெட் வழியா ஒரு கம்பெனி சர்வரில் போடுங்க. டேட்டா சென்டரில் தினமும் டிஸ்க் செத்துக்கிட்டேதான் இருக்கு. பேக்பிளேஸ்ங்கிற கிளவுட் நிறுவனம் ரெண்டரை லட்சத்துக்கும் மேல் டிரைவ் ஓட்டுறாங்க, 2023இல் அதில் சுமார் 1.4 சதவீதம் போச்சுன்னு அவங்களே வெளியிட்டாங்க. வாடிக்கையாளருக்கு அது தெரியவே தெரியாது. அந்த வசதியை வீட்டில் கொண்டுவர முடியாது.

மந்தைவெளி_மீனாட்சி:
தம்பி கார்த்திக், தண்ணி விஷயத்தில் நீங்க சொல்றது நியாயம். கிளவுட் மட்டும் போதும்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். மைஸ்பேஸில் 2015 வரைக்கும் ஏத்தின பாட்டெல்லாம் சர்வர் மாத்தும்போது போயிடுச்சுன்னு 2019இல் கையை விரிச்சாங்க. கூகுள் போட்டோஸ் வரம்பில்லாம இலவசம்னு சொல்லிச் சேர்த்துட்டு, 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபிக்கு மேல் காசுன்னாங்க. ரெண்டு வருஷம் தொடாத தனிநபர் கணக்கை மூடலாம்னும் இப்போ விதி இருக்கு. பாலா இல்லாத காலத்தில் மாசாமாசம் யார் கட்டுவா? கார்டு காலாவதியானா அந்த எச்சரிக்கை மெயிலை யார் படிப்பா? பொண்ணுக்கு அப்போ என்ன வயசோ. கையில் எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஒரு பிரதி வீட்டில் இருக்கணும்.

ஓஎம்ஆர்_கார்த்திக்:
மேடம், நீங்க சொன்ன ரெண்டில் ஒண்ணு சோஷியல் மீடியா தளம், ஒண்ணு இலவச சேவை. நான் சொல்றது காசு கொடுத்து வாங்குற ஸ்டோரேஜ்.

மந்தைவெளி_மீனாட்சி:
காசு கொடுத்தவங்களுக்கும் நடந்திருக்கு. 2021 மார்ச்சில் பிரான்ஸ் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச்ங்கிற கிளவுட் கம்பெனியோட டேட்டா சென்டர் தீப்பிடிச்சுதே. சர்வரும் பேக்கப்பும் அதே வளாகத்தில் வெச்சிருந்தவங்க மொத்தமா இழந்தாங்க. ஒரே இடத்தில் ரெண்டு டிஸ்க் வைக்காதீங்கன்னு பாலாவுக்குச் சொன்னீங்களே, அது கம்பெனிக்கும் பொருந்தும்.

அண்ணாநகர்_நாஸ்:
எதுக்கு இவ்வளவு சண்டை? ரெண்டு டிரைவ் போட்டு வீட்டு நெட்வொர்க்கில் மாட்டுற நாஸ் பெட்டி ஒண்ணு வாங்கி, ஒரே டேட்டாவை ரெண்டிலும் எழுதுற ரெய்டு 1 போட்டா முடிஞ்சுது. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்.

ரிச்சி_சர்வீஸ்:
சார், ரெய்டு பேக்கப் ஆகாது. தெரியாம ஒரு ஃபோல்டரை டெலீட் பண்ணா அதே நொடியில் ரெண்டு டிஸ்கிலும் போயிடும். ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்கிற ரான்சம்வேர் வந்தா ரெண்டையும் பூட்டும். மின்னல் இறங்கினா பெட்டியோட போகும். ஆபீஸ் வேலை நிக்காம ஓடணும்னா ரெய்டு தேவைதான். பாட்டி குரலைக் காப்பாத்த, கேபிளைக் கழட்டித் தனியா வெச்ச டிஸ்க் வேணும்.

தண்ணி பத்திப் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லணும். வெள்ளம் வடிஞ்சதும் கடைக்கு டிஸ்க் எடுத்துட்டு வர்றவங்க பெரும்பாலும் வெயிலில் காயவெச்சுட்டோ, அரிசி டப்பாவில் போட்டுட்டோ வர்றாங்க. பல பேர் ஒருதரம் போட்டும் பார்த்துடறாங்க. சாதாரண ஹார்ட் டிஸ்கில் காத்து போய்வர ஒரு பொடி ஓட்டை உண்டு, அது வழியா சேத்துத் தண்ணி உள்ளே போகும். காய்ஞ்சா பிளாட்டர், அதாவது டேட்டா இருக்கிற தட்டு மேல வண்டல் ஒட்டிக்கும். அதுக்கு மேல பவர் கொடுத்தா டேட்டாவைப் படிக்கிற ஹெட் அதைத் தேய்ச்சுக்கிட்டே ஓடும். திறந்தா பளபளன்னு இருக்கவேண்டிய தட்டில் வட்டமா ஒரு கீறல், வடிகட்டி முழுக்க கருப்புப் பொடி. அந்தப் பொடிதான் உங்க போட்டோ. நனைஞ்ச டிஸ்கைக் காயவைக்காதீங்க, பவர் கொடுக்காதீங்க. ஈரத்தோடயே காத்துப் புகாத கவரில் போட்டு ரெகவரி பண்றவங்ககிட்ட கொண்டு போங்க.

முடிச்சூர்_பாலா:
எங்க தெருவில் மாடி வீட்டுக்காரங்களே படகில்தான் வெளியே வந்தாங்க. அதனால கார்த்திக் சொல்றது மனசைத் தைக்குது. ஆனா மீனாட்சி அம்மா கேட்டதும் சரி, நான் இல்லேன்னா யார் பணம் கட்டுவா?

மந்தைவெளி_மீனாட்சி:
ரெண்டு டிஸ்க் வாங்குங்க தம்பி. ஒண்ணு வீட்டில் உயரமான இடத்தில். இன்னொண்ணு மதுரையோ திருச்சியோ, சொந்தக்காரங்க வீட்டில். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மாத்திக்கோங்க. பத்திரம், பாட்டி பாட்டு, பொறுக்கி எடுத்த போட்டோ, இதெல்லாம் 100 ஜிபிக்குள்ள வரும். அதை மட்டும் கிளவுடில் போடுங்க. பீட்டர் க்ரோக்னு ஒரு புகைப்படக்காரர் பரப்பின 3-2-1 வழி இதுதான். மூணு பிரதி, ரெண்டு வகை ஊடகம், ஒண்ணு வெளியூரில்.

ஓஎம்ஆர்_கார்த்திக்:
தீபாவளிக்கு மாத்தினா நடுவில் எடுத்த ஒரு வருஷ வீடியோவுக்கு வெளியூரில் பிரதி கிடையாது மேடம். மனுஷன் ஞாபகம் வெச்சுச் செய்யற பேக்கப் நின்னே போகும், தானா ஓடறதுதான் ஓடும். அதனால முழுசும் கிளவுடுக்குப் போகணும்னுதான் இப்பவும் சொல்வேன். ஆனா ஒரு விஷயத்தில் நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதான்: எடுத்த பேக்கப்பைத் திரும்ப இறக்கிப் பார்க்கணும். 2017 ஜனவரியில் கிட்லேப்ங்கிற, புரோகிராம் கோடு சேமிக்கிற தளத்து ஆளுங்க தவறுதலா டேட்டாபேஸை அழிச்சப்போ, அஞ்சு வகை ஏற்பாடு இருந்தும் ஒண்ணும் சரியா வேலை செய்யலைன்னு அவங்களே எழுதினாங்க. அப்புறம், வெளியூர் டிஸ்கை வெராகிரிப்ட்ங்கிற மென்பொருளில் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிக் கொடுங்க அண்ணா. உள்ளே பத்திரம் இருக்கு.

மந்தைவெளி_மீனாட்சி:
பத்திர ஃபோல்டரை மட்டும் பூட்டட்டும். பாட்டி பாட்டைப் பூட்டி, பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஒரே ஆளும் போயிட்டா, வெள்ளத்தில் போனதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

ரிச்சி_சர்வீஸ்:
இதெல்லாம் அப்புறம். பாலா சார், அந்தப் பழைய போர்ட்டபிள் டிஸ்கில் மட்டும் இருக்கிறது என்ன? டிஸ்க் எந்த நிலையில் இருக்குன்னு காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் போட்டு நிறம் பார்த்துச் சொல்லுங்க.

முடிச்சூர்_பாலா:
மஞ்சள் காட்டுது அண்ணா. சி5 வரியில் எச்சரிக்கை. பாட்டி பாடினது அதில் மட்டும்தான் இருக்கு.

ரிச்சி_சர்வீஸ்:
டிஸ்கில் படிக்க முடியாத செக்டார், அதாவது கெட்டுப்போன இடம் வந்தாச்சுன்னு அர்த்தம். அதில் இனி எதையும் எழுதாதீங்க, விண்டோஸில் இருக்கிற செக்டிஸ்க் சோதனையை ஓட்டாதீங்க. பாட்டி ஃபோல்டரை முதலில் லேப்டாப்புக்கு இழுங்க, அடுத்து நெகட்டிவ் ஸ்கேன், வீடியோ கடைசியில். நடுவில் டக் டக்னு சத்தம் வந்தா உடனே நிறுத்திட்டு ரெகவரிக்குக் கொண்டு போங்க. புது டிஸ்க் நாளைக்கு வாங்கிக்கலாம்.

முடிச்சூர்_பாலா:
பாட்டி ஃபோல்டர் ஏறிடுச்சு. ஒவ்வொண்ணாப் போட்டுக் கேட்டேன், எல்லாம் பாடுது. நெகட்டிவ் ஓடிக்கிட்டிருக்கு.