புதுப்பிப்பு: ஐஆர் 64 வேரில் முடிச்சு வராத சிக்கல் தீர்ந்தது

வேர்முடிச்சு நூற்புழு (மெலாய்டோகைன் கிராமினிகோலா) எதிர்ப்புச் சோதனையில், எளிதில் தாக்குண்ணும் நெல் ரகமான ஐஆர் 64-லும் முடிச்சே இல்லை, ஆப்பிரிக்க நெல்லான தொக் 5674-ஐ எதிர்ப்பு ரகம் என்று எப்படி நம்புவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது "தொட்டியில் தண்ணீரை வடியுங்கள்" என்ற யோசனைதான். நீர் தேங்கிய மண்ணில் இளம்புழு சாகாது, ஆனால் வேருக்குள் நுழையாது. இம்முறை மணல் கலந்த மண்ணை ஈரமாக மட்டும் வைத்து, 14 நாள் நாற்றின் வேரைச் சுற்றி மூன்று துளையிட்டு, செடிக்கு 200 இளம்புழு விட்டேன். முதல் வாரம் முழுக்க நீர் தேங்க விடவில்லை. ஐஆர் 64-இன் வேர்நுனிகள் தூண்டில் முள் போல வளைந்து வீங்கின.

முட்டைக்குப் பதில், முட்டையிலிருந்து வெளிவந்த இளம்புழுவை விடச் சொன்னதும் சரியே. இந்த இனம் வேருக்குள்ளேயே முட்டையிடும். வேரை நறுக்காமல் அலசினால் கிடைப்பது சொற்பம். 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, மெல்லிய தாள் விரித்த சல்லடையில், அடிநீர் தொடும்படி 3 நாள் வைத்தால் போதும், இளம்புழுக்கள் நீரில் இறங்கிவிடும்.

எதிர்பாராதது: தொக் 5674-லும் சில சிறு முடிச்சுகள். எண்ணிக்கையோடு நின்றிருந்தால் தவறாக முடிவெடுத்திருப்பேன். வேருக்குள் இருக்கும் புழுவைச் சிவப்பாகக் காட்டும் அமில ஃபுக்சினில் சாயமேற்றிப் பார்த்தபோது, உள்ளே மெலிந்த இளம்புழுக்களே இருந்தன. முட்டையோடு உருண்ட பெண்புழு ஒன்றுகூட இல்லை. ஐஆர் 64-லோ முடிச்சுக்குள் பெண்புழுக்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஆகவே முடிச்சை மட்டும் எண்ணாதீர்கள், பெண்புழுவையும் முட்டையையும் எண்ணுங்கள்.