கேஷே வைக்கவில்லை, ஆனாலும் பிரவுசர் பழைய விலையைக் காட்டுகிறது. உதவி தேவை

ராயபுரம்_பையன்:
என் மச்சான் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வீடுகளுக்கு அனுப்புகிறார். அவருக்காக ஒரு சின்ன வெப் ஆப் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ஜின்எக்ஸ் சர்வர், ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம், மீன் படங்கள், அப்புறம் விலை.ஜேசன் என்று ஒரு கோப்பு. காலையில் ஏலம் முடிந்ததும் அந்தக் கோப்பை மட்டும் மாற்றி ஏற்றுவேன். பக்கம் திறந்ததும் ஃபெட்ச் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை வழியாக அதைப் படித்துக்கொள்ளும்.

படங்கள் கொஞ்சம் கனம் என்பதால் பிரவுசர் கேஷ், அதாவது ஒருமுறை இறங்கிய கோப்பை பிரவுசரே சேமித்து வைத்துக் காட்டும் வசதி, சேர்க்க நினைக்கிறேன். ஆனால் பயமாக இருக்கிறது. எந்த கேஷும் வைக்காத இப்போதே சிலருக்குப் பழைய விலை வருகிறது. ஆறு மணிக்கு ஏற்றினால், ஏழு மணிக்கு ஒரு அக்கா போன் செய்து "நேத்து வெலையே காட்டுதேப்பா, எது நெசம்?" என்கிறார். ஜூனில் இன்னும் மோசம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அதனால் "விற்பனை இல்லை" என்று ஒரே கோப்பைப் போட்டு வைத்திருந்தேன். தடை முடிந்து முதல் படகுகள் திரும்பியதும் விலை போட்டேன். அதற்குப் பிறகும் பழைய வாடிக்கையாளர்கள் சிலருக்கு நாலைந்து நாள் "விற்பனை இல்லை"தான். ஐஸ் பெட்டியில் வஞ்சிரம் கிடக்கிறது, ஆர்டர் இல்லை. மச்சான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

என் லேப்டாப்பில் மட்டும் எப்போதும் சரியாக வருகிறது.

பெரம்பூர்_லோகோ:
எல்லாவற்றுக்கும் நோ-ஸ்டோர், அதாவது எதையும் சேமிக்காதே என்று போட்டுவிடுங்க ப்ரோ. பிரச்சினையே வராது.

வண்ணை_நிரலர்:
லோகோ சொல்வதைச் செய்தால் படங்கள் ஒவ்வொரு முறையும் முழுசாக இறங்கும். அவர் கேட்டதற்கு நேர் எதிர் அது.

தம்பி, கேஷ்-கன்ட்ரோல் ஹெடர் (எப்படிச் சேமிக்கலாம் என்று சர்வர் கோப்போடு அனுப்பும் குறிப்பு) இல்லை என்றால் பிரவுசர் எதையும் சேமிக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஹெடர் இல்லாவிட்டால் அது தானே ஒரு கணக்குப் போடும். கோப்பு கடைசியாக மாறி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை லாஸ்ட்-மாடிஃபைடு ஹெடரிலிருந்து பார்த்து, அதில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு சர்வரைக் கேட்காமலே கையில் இருப்பதைக் காட்டும். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் இப்படித்தான்.

உங்கள் அக்கா காலை ஐந்து மணிக்கே ஒருமுறை திறந்திருப்பார். அப்போது கோப்புக்கு 23 மணி நேர வயது. பத்தில் ஒன்று என்றால் 2.3 மணி. ஆக, ஏழேகால் தாண்டும் வரை நேற்றைய விலைதான். தடை முடிந்ததா என்று 15ஆம் தேதி எட்டிப் பார்த்தவருக்கு? கோப்பு மாறி 61 நாள், அதனால் ஆறு நாள் மாட்டிக்கொண்டார். ஆசையாக முதலில் வந்து பார்த்தவர்தான் ஏமாந்திருக்கிறார், பாவம்.

லேப்டாப்பில் பிரவுசரின் டெவ்டூல்ஸை (நிரலர்களுக்கான சோதனைப் பலகை) திறந்து "டிஸேபிள் கேஷ்" டிக் செய்திருப்பீர்கள். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள், சைஸ் வரிசையில் "டிஸ்க் கேஷ்" என்று வரும்.

விலைக் கோப்புக்கும் ஹெச்டிஎம்எல்லுக்கும் நோ-கேஷ் போதும். பெயரைப் பார்த்து மிரளாதீர்கள். சேமித்துக்கொள், ஆனால் காட்டும் முன் ஒவ்வொரு முறையும் கேள் என்பதுதான் அதன் வேலை. கோப்பு மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் பதில் சொல்லும், கோப்பு மறுபடி இறங்காது. கோப்பு மாறியதா என்று ஒப்பிட உதவும் அடையாளமான ஈ-டேக்கை என்ஜின்எக்ஸ் இந்த மாதிரிக் கோப்புகளுக்குத் தானாகவே அனுப்பும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில் இந்தக் கோப்புகளுக்கான லொகேஷன் பகுதியில் "எக்ஸ்பையர்ஸ் -1" என்று ஒரு வரி போட்டால் நோ-கேஷ் போய்விடும், அவ்வளவுதான்.

படங்களுக்கு "எக்ஸ்பையர்ஸ் 365டி", அதாவது 3,15,36,000 விநாடி. படத்தை மாற்றினால் பெயரையும் மாற்றுங்கள்: வஞ்சிரம்-2.ஜேபிஜி. பழைய பெயரிலேயே புதுப் படம் போட்டால் ஒரு வருடம் யாருக்கும் தெரியாது.

ராயபுரம்_பையன்:
டிக் இருந்தது அண்ணே! எடுத்ததும் நீங்கள் சொன்னபடியே டிஸ்க் கேஷ் என்று வருகிறது. இரண்டு வரியும் சேர்த்துவிட்டேன். ஆனால் ஏற்கெனவே பழைய கோப்பு மாட்டிக்கொண்ட போன்களில் இந்த ஹெடர் எப்படிப் போய்ச் சேரும்? ரீஃப்ரெஷ் செய்யச் சொன்னேன், அப்படியும் பழையதே வருகிறது.

வண்ணை_நிரலர்:
சேராது. கெடு முடியும் வரை அந்த போன் சர்வரிடம் அந்தக் கோப்பைக் கேட்கவே கேட்காது. ரீஃப்ரெஷ் பக்கத்தைப் புதிதாக்கும். ஆனால் பக்கம் வந்த பிறகு ஃபெட்ச் தனியாகக் கேட்பது கேஷிலிருந்தே வரலாம். அதனால் முகவரியை மாற்றுங்கள். ஃபெட்ச் வரியில் விலை.ஜேசன் என்பதை விலை2.ஜேசன் ஆக்கினால் பிரவுசருக்கு அது புதுக் கோப்பு. ஒருமுறை செய்தால் போதும். பிறகு மறுபடி ரீஃப்ரெஷ் செய்யச் சொல்லுங்கள்.

பெரம்பூர்_லோகோ:
அப்போ நோ-ஸ்டோர் எதுக்குத்தான்?

வண்ணை_நிரலர்:
வாடிக்கையாளர் லாகின் செய்து பார்க்கும் ஆர்டர், பாக்கிக் கணக்கு, விலாசம் மாதிரிப் பக்கங்களுக்கு. ஒரே போனை வீட்டில் நாலு பேர் எடுப்பார்கள். இன்னொன்று, நோ-ஸ்டோரை ஆட்-ஹெடர் (ஹெடர் சேர்க்கும் என்ஜின்எக்ஸ் கட்டளை) வரியாக லொகேஷனுக்குள் எழுதினால், வெளியே சர்வர் பிளாக்கில் போட்ட மற்ற ஆட்-ஹெடர் வரிகள் அந்த இடத்தில் செல்லாது. பாதுகாப்பு ஹெடர் ஏதாவது அங்கே இருந்தால் உள்ளேயும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.